அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. எங்கள் கிராமத்தில் மருந்துக் கடை ஒன்பது மணிக்கே மூடிவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கலாம் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்ததால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் விரல்களுக்கு அகப்பட்ட அளவு கல்லுப்பும் போட்டுக் கலக்கி, ஆற வைத்து, முழு டம்ளரையும் குடிக்க வைத்தேன். பத்தே நிமிடத்தில் அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. பால் கொடுக்கக் கூடாது, கஞ்சித் தண்ணீர் மட்டும் போதும் என்றார் என் மாமியார். மறுநாள் கடையில் கேட்டபோது ஆரஞ்சு சுவையுள்ள பானம் ஒன்றை அட்டைப் பெட்டியில் கொடுத்தார்கள். மகன் மூன்று நாளில் தேறிவிட்டான். அவனுக்கு அடுத்து மாமியாருக்கும் அதே தொல்லை வந்தது. அவருக்கு 64 வயது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. சர்க்கரை கலந்த எதுவும் வேண்டாம் என்று வெறும் தண்ணீரையே குடித்து, இரண்டு நாள் சோர்ந்து படுத்துவிட்டார். இந்தக் கரைசலை வீட்டில் தயாரிக்கச் சரியான அளவு எது? யார் யாருக்குக் கொடுக்கலாம்? எத்தனை நேரம் வைத்திருக்கலாம்?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனும் மாமியாரும் தேறிவிட்டார்கள் என்பதில் எனக்கும் நிம்மதி. அந்த இரவில் உங்களுக்குத் தோன்றிய எண்ணம் சரியானதே. வயிற்றுப்போக்கு தொடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உடனுக்குடன் திருப்பிக் கொடுப்பதுதான். பிசகியவை இரண்டு. உப்பின் அளவு கையின் கணிப்புக்கு விடப்பட்டது. கொடுத்த வேகம் கொதித்துக்கொண்டிருந்த இரைப்பை தாங்கக்கூடியதாக இல்லை. குழம்புக்கும் ரசத்துக்கும் கண்ணளவாக உப்புப் போட்டுப் பழகிய கைகளுக்கு இந்த ஒரு பானத்தில் மட்டும் அளவுக் கருவி தேவைப்படுகிறது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் மனத்தில் பதிந்துவிட்டால் அளவு மறக்காது.

வயிற்றுப்போக்கின்போது குடல் நீரை உறிஞ்சும் வேலை பெருமளவு குலைந்துபோகிறது. அப்போது வெறும் தண்ணீர் குடித்தால் அதில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். ஆயினும் சிறுகுடலின் உட்சுவரில் ஒரு வழி மட்டும் அந்த நிலையிலும் திறந்தே இருக்கிறது: உப்பில் உள்ள சோடியமும் சர்க்கரையில் உள்ள குளுக்கோசும் சேர்ந்து வந்தால் குடலின் செல்கள் அந்த இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன, அவற்றின் பின்னே நீரும் உள்ளே போகிறது. ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இந்தச் சேர்க்கைப் பயணத்தை எடுத்துரைத்தார். ஆகவே இந்தக் கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காகவோ தெம்புக்காகவோ அன்று. உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்வதற்காக. சர்க்கரை குறைந்தால் உப்பு உள்ளே போகாது. சர்க்கரை மிகுந்தால், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்து, வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியேறி, குழந்தைக்கு வலிப்பு வரும் நிலைகூட உண்டாகும்.

இந்த மூன்றாவது ஆபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஓர் இளம் தாய் பதினோரு மாதக் குழந்தையை வலிப்புடன் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓஆர்எஸ் (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் மருந்துப் பொடி) பொட்டலம் முழுவதையும் அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அது தீரத் தீர அதே போல மறுபடியும் கரைத்து, நாள் முழுவதும் கொடுத்திருந்தார். அக்கறையில் அவரிடம் எந்தக் குறையும் இல்லை; பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, ஓஆர்எஸ் எழுதித் தரும் ஒவ்வொரு வீட்டாரிடமும் எந்தப் பாத்திரத்தில் கரைப்பீர்கள் என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

இனி அளவு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு; இவ்வளவுதான். இங்கே டீஸ்பூன் என்பது 5 மில்லி லிட்டர் கொள்ளும் அளவு. நம் வீடுகளில் ஸ்பூன் என்ற பெயரில் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. அதனால் காய்ச்சல் சிரப் பாட்டிலோடு வரும் சிறிய பிளாஸ்டிக் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் 2.5 மி.லி., 5 மி.லி. என்று கோடுகள் இருக்கும். அதை நன்றாகக் கழுவித் துடைத்து, 5 மி.லி. கோடு வரை ஆறு முறை சர்க்கரையும், 2.5 மி.லி. கோடு வரை ஒரே ஒரு முறை உப்பும் அளந்தால் பிழை வராது. தண்ணீரை அளக்க, கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்த பிறகு கலக்குங்கள். கலக்கிய கரைசலை மறுபடியும் அடுப்பில் ஏற்ற வேண்டாம், ஏனெனில் நீர் ஆவியாகி உப்பின் அடர்த்தி கூடிவிடும்.

கல்லுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சமையலறைகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. கல்லுக்குக் கல் பருமன் மாறுவதால் ஒரே ஸ்பூனில் ஒவ்வொரு முறையும் வேறுவேறு எடை வரும். அது கரைவதற்கும் நேரமாகும். தூள் உப்பு இல்லாவிட்டால் கல்லுப்பை அம்மியிலோ மிக்சியிலோ நன்றாகப் பொடித்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு மட்டும் கலக்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். 200 மி.லி. தண்ணீருக்கு வேண்டிய உப்பு ஒரு டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு; அதை யாராலும் கண்ணால் அளக்க முடியாது. குடிக்கப்போவது ஒரு டம்ளரே ஆனாலும் முழு லிட்டராகக் கலக்கி, தேவையான அளவு எடுத்துக்கொண்டு, மீதியை மூடி வையுங்கள். கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரின் உப்பைவிட அதிகமாக நாக்கில் உறைத்தால் அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்தால் சர்க்கரையின் அளவும் கெட்டுவிடும்.

இந்த வீட்டுக் கரைசல் எந்த அளவுக்கு மருந்துக்கு ஈடாகும் என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் திருத்தி வகுத்த ஓஆர்எஸ் கலவையில், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். நாம் அளந்த அரை டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 3 கிராம். ஆறு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 25 கிராம். சமையல் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ் என்பதால் அந்தக் கணக்கு மருந்தின் கணக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. வராதவை இரண்டு: வயிற்றுப்போக்கில் உடல் பெருமளவு இழக்கும் பொட்டாசியம், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் சிட்ரேட். சோடியமும் பொட்டலத்தில் இருப்பதைவிடக் குறைவுதான். எனவே உப்பு சர்க்கரைக் கரைசலை, பொட்டலம் கைக்கு வரும் வரை அந்த இரவைக் கடத்தித் தரும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பொட்டலத்துக்கு மாறிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஓஆர்எஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வீட்டுக் கரைசல் கூடவே கூடாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்துக்கொண்டே, அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இத்தனை எளிய ஒன்று இத்தனை பெரிய நோயை எப்படித் தடுக்கும் என்ற ஐயம் உங்கள் மாமியாருக்கு இருந்தால், 1971ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லுங்கள். வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்துப் போங்கானில் காலராவில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனோபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் சேர்ந்த பொடியைப் பைகளில் நிரப்பச் செய்து, குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த இறப்பு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே நான்குக்கும் கீழே இறங்கியது. செவிலியரும் படுக்கையும் போதாத இடத்தில் தாய்மாரும் அண்ணன்மாரும் புகட்டிய நீரே அவ்வளவு பேரைப் பிழைக்க வைத்தது. 2022இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. வயிற்றுப்போக்கில் நோயாளியின் அருகில் இருப்பவரே பாதி வைத்தியர் என்று நான் நம்புவதற்கு அந்த முகாம்தான் ஆதாரம்.

அப்படிப் புகட்டுவதில் அவசரம் உதவாது. வாந்தி எடுத்த குழந்தைக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் ஊட்டுங்கள். குழந்தை தாகத்தில் டம்ளரைப் பிடித்து இழுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் வாந்தி இல்லாமல் போனால் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டலாம். நீங்கள் கொடுத்தது போல ஒரு டம்ளரை ஒரேயடியாக ஊற்றினால் இரைப்பை விரிந்து அதுவே வாந்தியைத் தூண்டும். அத்தோடு குழந்தைக்கு ஓஆர்எஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மி.லி., உங்கள் மகன் வயதுக்கு 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்கு வேண்டும் மட்டும் என்பது கணக்கு. கலக்கிய 24 மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டிவிட வேண்டும்; குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் இதே கணக்குத்தான். இதைக் குடித்ததும் வயிற்றுப்போக்கு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தானே அடங்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை உடல் வற்றாமல் பார்த்துக்கொள்வதே இந்தக் கரைசலின் வேலை. உடனே நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

கடையில் தந்த அட்டைப் பெட்டி பானத்துக்கு வருகிறேன். அதன் பெயரிலேயே ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் இருந்திருந்தால் நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கி வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இனிமேல் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்: மேலே சொன்ன நான்கு பொருட்களும் அந்த அளவிலேயே இருக்கின்றனவா, எத்தனை மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 200 மி.லி.க்கான சிறிய பொட்டலமும் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் பக்கத்துப் பக்கத்திலேயே விற்கின்றன. ஒன்றின் தண்ணீரில் மற்றொன்றைக் கரைத்துவிடக் கூடாது. பெரிய பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கரைப்பதும் சரியல்ல, ஏனென்றால் உள்ளே உப்புகள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சோடா வகைக் குளிர்பானங்களில் 100 மி.லி.க்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. சரியான ஓஆர்எஸ்ஸில் அதே 100 மி.லி.க்கு ஒன்றரை கிராம்கூட இல்லை. குளிர்பானமும் பெட்டியில் வரும் பழச்சாறும் வயிற்றுப்போக்கை ஏன் கூட்டுகின்றன என்பது இதிலேயே விளங்கும். குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுப்பதும் இதற்கு மாற்றாகாது.

கஞ்சித் தண்ணீர் விஷயத்தில் உங்கள் மாமியார் பாதி சரி. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைவதால், சர்க்கரையைப் போல நீரை இழுக்காமல் உப்பை உள்ளே கொண்டுசெல்லும். ஆனால் உப்பில்லாக் கஞ்சியால் அந்தப் பயன் கிடைக்காது. ஒரு லிட்டர் நீர்த்த கஞ்சிக்கு அதே அரை டீஸ்பூன் தூள் உப்பு சேர்க்க வேண்டும். உப்புப் போட்ட மோரும் நல்லதே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. ஆகவே அதை ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாகக் கொடுக்காமல், இடையிடையே கொடுக்கலாம். முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரத்தை மட்டும், அந்தத் தண்ணீர் கொதிக்க வைத்ததுதானா என்று உறுதியாகத் தெரியாதபோது தவிர்த்துவிடுங்கள்.

அவர் தவறியது உணவை நிறுத்தச் சொன்னதில். பட்டினி போட்டால் குடலின் புண்பட்ட உட்சுவர் ஆறுவதற்கு வேண்டிய சத்து கிடைக்காது; குழந்தை எடை இழந்து அடுத்த நோய்க்கு எளிதில் ஆளாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒருபோதும் அதை நிறுத்தக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் குழைந்த சாதமும் பருப்பும் தயிரும் இட்லியும் வாழைப்பழமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். வழக்கமாகக் குடிக்கும் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. இவற்றோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் 14 நாட்கள், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் கொடுக்க வேண்டும். இது அடுத்த சில மாதங்களில் மறுபடி வயிற்றுப்போக்கு வருவதையும் குறைக்கிறது. சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸோடு சேர்த்தே இதையும் தருவார்கள்.

உங்கள் மாமியாரின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. பல ஆண்டுகளாகச் சர்க்கரையைத் தொடாதே என்று கேட்டுக்கேட்டுப் பழகியவர் சர்க்கரைக் கரைசலை எப்படிக் குடிப்பார்? ஆயினும் ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான். நான்கு இட்லியில் இதைவிட அதிக மாவுச்சத்து இருக்கிறது. உடல் வற்றினால் சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படும். சர்க்கரையின் அளவும் தாறுமாறாகும். எனவே சர்க்கரை நோயுள்ளவரும் ஓஆர்எஸ் குடிக்கலாம், குடிக்கத்தான் வேண்டும். வீட்டில் கருவி இருந்தால் நாளுக்கு மூன்று நான்கு முறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சர்க்கரையில் இரட்டிப்பு இனிப்பான வீட்டுக் கரைசலைவிடப் பொட்டலமே மேல். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்தக்காரர்களும் வயிறு போகும் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு இதைக் குடிக்கலாம்.

அவர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மெட்ஃபார்மின், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள், சிறுநீரைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றில் சிலவற்றை உடல் வற்றியிருக்கும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்று அவருடைய மருத்துவரிடம் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர் தானாக அதை நிறுத்தவே கூடாது. இதயம் பலவீனமானவர்களும், சிறுநீரகச் செயலிழப்புக்காக நீரையும் பொட்டாசியத்தையும் அளந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஓஆர்எஸ் குடிக்க வேண்டாம்.

கடைசியாக, எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது. குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், கண்கள் குழிவிழுந்திருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது உடனே படியாமல் மடிந்து நின்றால், ஸ்பூனில் கொடுத்தும் வாந்தி நிற்காவிட்டால், மலத்தில் இரத்தம் இருந்தால், கடுங்காய்ச்சல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதியவருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றுவதும் பேச்சு குழறுவதும் அதே அளவுக்கு அவசரமானவை. 108ஐ அழைத்து, வண்டி வரும் வரையும், வழியிலும், விழுங்கும் நினைவு இருக்கும் மட்டும் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே செல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு லிட்டர் பொட்டலங்கள் நான்கு வாங்கி, அளவு மூடியோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, காலாவதித் தேதியை மேலே பெரிதாக எழுதி, உங்கள் மாமியாருக்கும் தெரியும்படி அடுக்களை அலமாரியில் வையுங்கள்.